முன்னூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு

அத்தியாயம் 9

தோன்கா பிளோவ்திவ் ஊரிலிருந்து வந்து இறங்கி ஆறு நாளாகிவிட்டது. இந்த ஆறு நாளில் அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொண்டதை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். "உப்பு எங்க?" "மேல் தட்டுல." "எனக்கு எந்த டவல்?" "நீலம்."

நெவேனாவின் புருஷன், தோன்காவின் அண்ணன் ஆசென் இறந்து இந்தச் சனிக்கிழமையோடு ஆறு மாதம். அடக்கம் முடிந்த அன்று, சாப்பாட்டு மேசையில், எல்லார் முன்னாலும் நெவேனா தன் நாத்தனாரைப் பார்த்துச் சொன்ன ஒரு பேச்சுதான் இருவருக்கும் நடுவில் இன்னும் கிடந்தது. "உயிரோட இருந்தப்போ ரெண்டு வருஷம் எட்டிப் பாக்காதவங்களுக்கு இப்ப என்ன அழுகை?" சொன்னவளுக்கே அது மறக்கவில்லை. கேட்டவளுக்கு எப்படி மறக்கும்?

ஆனாலும் அஞ்சலித் தாள் ஒட்டியாக வேண்டும். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. படம், பெயர், நாலு வரி. வீட்டு வாசல் கதவு, பஸ் நிறுத்தம், வேலை பார்த்த இடம் என்று போகிற வழியெல்லாம் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பைத் தோன்கா தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். படம்தான் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த எல்லாப் படத்திலும் ஆசென் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, பல் டாக்டர் வாசலில் காத்திருக்கிறவன் போல நின்றான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நெவேனா ஆபீசிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். அதில் ஆசென் சிரித்தான்.

இது வியாழக்கிழமை.

காலை ஏழரைக்கு லிஃப்டை விட்டு வெளியே வந்த நெவேனா அப்படியே நின்றாள். வாசல் கண்ணாடிக் கதவில், கண்ணுக்கு நேரான உயரத்தில், அந்தத் தாள். இரண்டாம் மாடி மெதோதி ரொட்டிப் பையோடு அதன் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"பாத்தியாம்மா? இப்ப வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போறான்னு இருக்கு. லிஃப்டு நின்னுட்டா ரிப்பேர் பண்ண வருவானே, ‘மெதோதி ஐயா, நடந்தா உடம்புக்கு நல்லது, நானே நிறுத்தி வெச்சேன்’னு. அதே முகம்."

"நீங்க திட்டுவீங்களே ஐயா."

"திட்டினா இன்னும் அரை மணி நேரம் சேத்து நிறுத்துவான், போக்கிரி." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உன் நாத்தனார் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு. ஒவ்வொரு பிளாக்கா போய் ஒட்டுது. நாலு மூலைக்கும் டேப்பு. காத்தடிச்சாலும் அசையாது."

ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நெவேனா அதைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாகத் தோன்காவுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று மெட்ரோவுக்கு நடந்தாள்.

நெவேனா வேலை பார்ப்பது சினிமாவுக்குக் கிராஃபிக்ஸ் செய்யும் ஒரு நிறுவனத்தில். பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்த ஆளைப் பிரித்து, வேறெங்கோ எடுத்த மலையின் மேல் நிற்க வைக்கிற கம்பாசிட்டிங் வேலை. அதற்கான மென்பொருளில் புதுப் பதிப்பு வந்தால் கலைஞர்கள் கைக்குப் போகுமுன் அவள் மேசைக்கு வரும். புது வசதிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, எங்கே சறுக்குகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "குத்தம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கற ஒரே பொண்டாட்டி நீதான். மத்தவங்க எல்லாம் சும்மாவே செய்யறாங்க," என்பான் ஆசென்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. எந்தப் பதிப்பு வந்தாலும் ஒரே ஷாட்டைத்தான் ஓட்ட வேண்டும். ஷாட்டை மாற்றினால், மாறியது கருவியா படமா என்று தெரியாமல் போய்விடும். வாடிக்கையாளர்களின் படத்தை அதற்குத் தொடக் கூடாது; பிழை இருந்தால் மென்பொருள் செய்தவர்களுக்குப் படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டுமே. அதனால் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நெவேனா தன் புருஷனை ஆபீசுக்குக் கூட்டி வந்தாள்.

முடி, புகை, கண்ணாடி, தண்ணீர். பச்சைத் திரையிலிருந்து பிரித்தெடுக்கத் தொல்லை தருகிற அத்தனையையும் அவன் ஒருத்தன் மேல் ஏற்றினாள். ஒரு கையில் சிகரெட், ஒரு கையில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர், முடி பறக்க எதிரே மேசை விசிறி.

"என்னை என்ன கிறிஸ்துமஸ் மரம்னு நினைச்சியா? இன்னும் ரெண்டு விளக்கு தொங்கவிடு," என்றான்.

"பேசாம நட."

நடந்தான். பதின்மூன்று விநாடி, முன்னூற்றுப் பன்னிரண்டு ஃபிரேம். கடைசியில் கேமரா பக்கம் திரும்பினான். உதடு பிரிய ஆரம்பித்தது. ஏதோ சொல்ல வந்தான். கேமராவுக்குப் பின்னால் நின்ற நெவேனா "போதும்" என்று நிறுத்திவிட்டாள். என்ன சொல்ல வந்தான் என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

அவன் செத்த பிறகும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஷாட்டை மாற்றச் சொல்லி ஆபீசில் யாரும் கேட்கவில்லை. அவளும் மாற்றவில்லை. வேலை நாள் எல்லாம் அவன் அவள் மேசையில் நடந்தான், திரும்பினான், உதட்டைப் பிரித்தான். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. பெற்ற மகளுக்கும் தெரியாது.

பத்து மணிக்குத் துறைத் தலைவன் போரில் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"நெவேனா, நாலு மணிக்கு எனக்குப் பதில் வேணும். எல்லா மெஷின்லயும் ஏத்தலாமா, வேணாமா? அந்த ‘தொடர்ச்சி’ வசதிக்காக மாடியில எல்லாரும் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு இருக்காங்க."

‘தொடர்ச்சி’தான் இந்தப் பதிப்பின் புது வசதி. ஒரு ஷாட் ஒன்றிரண்டு விநாடி குறைந்தால் மறுபடி போய் எடுக்க வேண்டாம். முடிந்த இடத்திலிருந்து அடுத்து என்ன நடந்திருக்கும் என்று அதுவே யோசித்து ஃபிரேம்களை உண்டாக்கிக் கொடுக்கும்.

"நல்லா வேலை செய்யுதா?" என்று கேட்டான் போரில்.

"செவ்வாய்க்கிழமை நாப்பத்தெட்டு ஃபிரேம் நீட்டிப் பாத்தேன். புகை நல்லா வருது. தண்ணிதான் கொஞ்சம்..."

அப்போது போன் அதிர்ந்தது. வியாரா. பள்ளிக்கூட நேரத்தில் மகள் செய்தி அனுப்புகிற வழக்கமில்லை. பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் ஒட்டிய அஞ்சலித் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கீழே இரண்டே வரி.

‘இது அப்பா இல்ல. பல்லைப் பாரு.’

நெவேனா பார்த்தாள்.

மேல் வரிசையில், இடது பக்கம், மூக்குக்கு நேர் கீழே. ஆசெனுக்கு அந்தப் பல்லில் மூலை கிடையாது. சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து உடைந்தது என்பான். அதை மறைக்கத்தான் போட்டோவில் வாயை மூடுவான், வெளியாள் முன்னால் சிரிக்கும்போது கையை வாய்க்குக் கொண்டுபோவான். வீட்டில் மட்டும்தான் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பான்.

தாளில் பல் முழுசாக இருந்தது.

அவள் செவ்வாய்க்கிழமை அனுப்பிய கோப்பைத் தேடி எடுத்தாள். பெயருக்குப் பின்னால் ஃபிரேம் எண். முன்னூற்று முப்பத்தொன்று.

அவன் முன்னூற்றுப் பன்னிரண்டில் முடிந்துவிட்டான்.

எப்படி நடந்தது என்று நினைவுக்கு வந்தது. தோன்காவின் போன். "ஆறு மணிக்கு அச்சகம் மூடிடுவாங்க, படம் இருக்கா இல்லையா?" அவசரத்தில் திறந்தது மூலப் படம் இருந்த ஃபோல்டர் இல்லை, ‘தொடர்ச்சி’ உண்டாக்கிய ஃபிரேம்கள் விழுந்த ஃபோல்டர். கடைசிப் பக்கமாக ஓட்டிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் அவன் சிரித்தான். ஒன்பது வருஷமாக எதைத் திறந்தாலும் முதலில் எண்ணைப் பார்க்கிறவள், அன்றைக்கு முகத்தைப் பார்த்தாள்.

"என்னாச்சு?" என்றான் போரில்.

அவள் இரண்டு ஃபிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "உடைஞ்ச பல்லை ஒட்டி வெச்சிருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். "ஆமா, மூலப் படத்துல வாய் அரைகுறையாதானே திறந்திருக்கு. அதுக்கு எப்படித் தெரியும்? எல்லாருக்கும் இருக்கற பல்லை வெச்சுடுச்சு. ஒரு பல்லு, நெவேனா. டாக்டர் இல்லாமயே சரியாயிடுச்சுன்னு விடுங்க." சொல்லிவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தான். அடக்கத்துக்கு வந்தவன் அவன். "மன்னிச்சுக்குங்க. நான் ஒரு முட்டாள்."

"பரவால்ல போரில். நாலு மணிக்குச் சொல்றேன்."

வராந்தாவுக்குப் போய் மகளுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் வியாரா. பதினேழு வயது, கோபம் வந்தால் அப்பனைப் போலக் குரல் இறங்கிவிடும்.

"யாரும்மா அது?"

"கண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சு. ஆபீஸ்ல..."

"நாலு இடத்துல பாத்தேன். நாலு இடத்துலயும் எவனோ ஒருத்தன் அப்பா சட்டையைப் போட்டுட்டு நிக்கறான். என் ஃபிரெண்டு சொல்றா, உங்கப்பா எவ்ளோ அழகுன்னு. நான் என்ன சொல்ல?"

"நான்தான் அனுப்பினேன். வேணும்னு செய்யல."

"உனக்குத் தெரியலையா?" என்று கேட்டாள் வியாரா. திட்டுகிற குரலில்லை அது. அதனால்தான் தாங்க முடியவில்லை. "குத்தம் கண்டுபிடிக்கறதுதானே உன் வேலை."

நெவேனா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அத்தைகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

"இன்னைக்கே."

"இன்னைக்கே சொல்றேன். நீ ஒண்ணும் பண்ணாத, வியாரா. கேக்குதா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

நாலு மணிக்கு அவள் பிழை அறிக்கையைத் திறந்தாள். எவ்வளவு கடுமையான பிழை என்ற கேள்விக்கு மூன்று பதில் இருந்தன: சிறியது, சமாளிக்கலாம், நிறுத்தவும். ஒரு பல்லுக்கு யாரும் ‘நிறுத்தவும்’ போடுவதில்லை. அவள் போட்டாள். விளக்கம் கேட்ட இடத்தில் எழுதினாள்: ‘இல்லாத முகத்தைத் தருகிறது. பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.’ கடைசி வாக்கியத்தை அழிக்கப் போனாள். அழிக்காமல் அனுப்பினாள்.

மெட்ரோவில் வரும் வழியெல்லாம் தோன்காவிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். கஷ்டமான பேச்சு இல்லை. ‘தப்பான படம் அனுப்பிட்டேன். நாளைக்கு வேற அச்சடிச்சு ஒட்டிடலாம்.’ தோன்கா இரண்டு வார்த்தை ஏசுவாள். ஏசட்டும். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வதில் என்ன இருக்கிறது?

படியேறி மேலே வந்ததும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள். கம்பத்தில் தாள் இல்லை. நாலு மூலையில் நாலு துண்டு டேப் மட்டும் இருந்தது.

அடுத்த பிளாக் வாசலிலும் இல்லை. மருந்துக்கடைப் பக்கத்துச் சுவரிலும் இல்லை. செத்தவன் தாளை அடுத்தவன் கை தொடாது இந்தப் பேட்டையில். வெயிலிலும் பனியிலும் தானாக வெளுத்து உதிர்ந்தால்தான் உண்டு. நெவேனாவின் நடை வேகமானது. வியாராவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அவர்கள் வாசல் கண்ணாடியிலும் நாலு துண்டு டேப்.

வீட்டுக்குள் கோதுமை வெந்த வாசனை. சனிக்கிழமை கல்லறைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காகத் தோன்கா கோதுமையை வேக வைத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, கையால் உதிர்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து வெளியே போகவில்லை, தாள்கள் காணாமல் போனதைப் பார்க்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அந்த முகத்தில் நிம்மதி இருந்தது.

"வாங்க அண்ணி. உக்காருங்க. காபி சூடா இருக்கு."

நெவேனா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். "தோன்கா, அந்தப் படத்தைப் பத்தி உங்கிட்ட ஒண்ணு..."

"நானும் அதைத்தான் பேசணும். முதல்ல நான் பேசிடறேனே. விட்டா எனக்கு வாய் வராது." கோதுமை ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அச்சகத்துல முதல் தாளைக் கையில குடுத்தவுடனே பாத்துட்டேன். பல்லை."

நெவேனா நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கேயே உக்காந்து அழுதேன். அந்த ஆளு பயந்துபோய்த் தண்ணி குடுத்தான். அண்ணி, அண்ணன் எல்லாருக்கும் மாடிப்படியில விழுந்தேன்னுதானே சொல்லுவான்?"

"ஆமா."

"விழல. எங்க பிளாக்குக்குப் பின்னாடி ஒரு இரும்பு ஊஞ்சல் இருந்துச்சு. எனக்கு ஏழு வயசு, அவனுக்கு ஒன்பது. என் முறை வந்தும் விடமாட்டேன்னு என்னைக் கிண்டல் பண்ணான். அவன் இறங்கினதும் காலி ஊஞ்சலைப் புடிச்சு, இருந்த பலத்தை எல்லாம் சேத்து, அவன் மேல தள்ளிவிட்டேன். வாயில பட்டுச்சு. ரத்தத்தைத் துப்பிட்டு அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘அம்மா கேட்டா படியில விழுந்தேன்னு சொல்லு, கழுதை.’ அவ்வளவுதான். சாகற வரைக்கும் அதையே சொன்னான். அவன் போட்டோவுக்கு வாயை மூடறப்போ எல்லாம் எனக்கு என் கைதான் தெரியும்."

அடுப்பில் பாத்திரம் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது.

"உங்ககிட்ட மட்டும் நிஜத்தைச் சொல்லியிருக்கான்னு அப்பத்தான் புரிஞ்சுது. நீங்க வாயால ஒரு வார்த்தை சொல்லல. உங்க வேலை அதுதானே, பல்லை ஒட்டி அனுப்பிட்டீங்க. அன்னைக்குச் சாப்பாட்டு மேசையில நீங்க பேசினது இருக்கே, அது என்கிட்டேர்ந்து அப்படியே இறங்கிப்போச்சு." அவள் கை நெவேனாவின் கையைப் பிடித்தது. ஈரமாக, சூடாக இருந்தது. "சொன்னான்தானே அண்ணி? நான்தான்னு சொன்னான்தானே? கோவமில்லாமதானே சொன்னான்?"

மெட்ரோவில் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் மிஞ்சவில்லை. ‘இல்லை’ என்ற ஒரே சொல்தான் வேண்டியிருந்தது.

"சொன்னான்," என்றாள் நெவேனா. "சிரிச்சுட்டேதான் சொன்னான்."

சொன்ன பிறகுதான் தான் செய்தது என்னவென்று புரிந்தது. அவன் முடிந்த இடத்துக்கு அப்பால் அவனைச் சிரிக்க வைத்தது இந்தத் தடவை மென்பொருள் இல்லை.

தோன்கா கண்ணை மூடிக்கொண்டாள். கன்னம் நனைந்தது.

"அம்மா."

கூடத்தில் வியாரா நின்றாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. ஷூவைக்கூடக் கழற்றவில்லை. தோளிலிருந்து ஓவிய வகுப்புப் பையை இறக்கி, கோதுமைத் துணிக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தாள்.

"என்னடா கண்ணு இது?" தோன்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள்.

உள்ளே அஞ்சலித் தாள்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, ஓரம் சேர்த்து அடுக்கப்பட்டிருந்தன. முப்பதுக்கு மேல் இருக்கும்.

"யார்றீ இதைப் பிச்சது?"

"பிய்க்கல அத்தை. அப்பா பேர் இருக்கில்ல, அதான் பிளேடால டேப்பை மட்டும் வெட்டி வெட்டி எடுத்தேன். ஒண்ணுகூடக் கிழியல." அவள் குரல் இறங்கியிருந்தது. அத்தையைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். "நீ சொல்றேன்னு சொன்ன."

"வியாரா..."

"சொல்றேன்னு சொன்னியேம்மா. அப்பா சொல்லாததை எல்லாம் சொன்னதா ஏன் சொல்ற?"

தோன்கா ஒருத்தி முகத்திலிருந்து இன்னொருத்தி முகத்துக்குப் பார்த்தாள். நெவேனா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து நாத்தனாரின் எதிரே நின்றாள். உட்காரத் தைரியம் வரவில்லை.

"தோன்கா, ஆசென் எங்கிட்ட எதுவும் சொல்லல. கடைசி வரைக்கும் மாடிப்படின்னுதான் சொன்னான். உன்னைக் காட்டிக் குடுக்கவே இல்ல." மேசையில் இருந்த தாள்களைக் காட்டினாள். "அந்தப் பல்லையும் நான் ஒட்டல."

நெவேனாவின் கையைப் பிடித்திருந்த கை இப்போது துணியின் மேல், கோதுமைக்கு நடுவில், மல்லாந்து கிடந்தது. தோன்கா மேலே இருந்த தாளை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தாள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை.

"அப்ப," என்றாள், "என்னை மன்னிச்சுட்டுச் சிரிக்கறானே, இது யாரு அண்ணி?"